சாப்பிட மறுக்கும் மகள்: பிடிவாதமா, வியாதியா?

“வேண்டாம்மா, பசிக்கலை.”

வளர்ந்த பெண் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு கேட்காத நாள் உண்டா? பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற அவசரத்தில் அரை இட்லியோடு எழுந்து ஓடுவதும், பரீட்சை நாளில் தட்டை ஒதுக்கி வைப்பதும் சகஜம்தான். அதற்கெல்லாம் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ, ஏன், நம் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டில், அந்த “வேண்டாம்” மூன்று மாதமாகத் தொடர்ந்து கொண்டிருக்கலாம். முதலில் நெய் நின்றிருக்கும்; பிறகு சோறு; பிறகு ராத்திரிச் சாப்பாடே நின்றிருக்கும். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் திரும்பி வரும். அதில் இருந்தது யார் வயிற்றுக்குப் போனது என்பதுதான் தெரியாது. தீபாவளிக்குத் தைத்த சுடிதாரை இரண்டு தடவை பிடித்துத் தைத்தும் தொளதொளவென்று தொங்கும்.

பாட்டி சொல்வார்: “கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு.” ஷிப்டு முடிந்து வருகிற அப்பா சொல்வார்: “எல்லாம் நீ கொடுக்கற செல்லம். பசிச்சா தானா சாப்பிடுவா, விடு.” எதிர்வீட்டு அக்கா, “தைராய்டு பார்த்தீங்களா?” என்பார். அம்மாவுக்கோ மனசுக்குள் ஒரே கேள்விதான்: “நான் எங்கே தப்புப் பண்ணினேன்?”

இப்படித் தவிக்கிற தாய்மார்களுக்கு மருத்துவ ஆராய்ச்சி இன்று தெளிவான பதில் ஒன்றைச் சொல்கிறது. இது பிடிவாதம் அல்ல, வியாதி. இதற்குத் தாய் காரணம் அல்ல. ஆனால் குணமாக்குவதில் தாய்க்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய வியாதிதான்

இது செல்போன் காலத்து நாகரிக நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1873ஆம் ஆண்டிலேயே லண்டனில் சர் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லசேக் என்ற இரண்டு டாக்டர்கள், உடம்பில் வேறு நோய் எதுவும் இல்லாமலே சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிவிடும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். ‘அனொரெக்ஸியா நெர்வோசா’ என்று அதற்குப் பெயர் வந்தது. மனநோய்களிலேயே உயிருக்கு ஆபத்து மிக அதிகமான நோய்களில் இதுவும் ஒன்று. பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் தொடங்குவதுதான் அதிகம்.

இதற்கு ஒரு தங்கை உண்டு. 1979இல் லண்டன் டாக்டர் ஜெரால்ட் ரஸ்ஸல் அதற்குப் ‘புலிமியா நெர்வோசா’ என்று பெயர் வைத்தார். இதில் பெண் சாப்பிடுவாள். கட்டுக்கடங்காமல், ஒளித்து வைத்துக்கூடச் சாப்பிடுவாள். பிறகு பயந்துபோய் வாந்தி எடுத்தோ, பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றிவிடுவாள். உடல் இளைக்காததால் இது வீட்டாரின் கண்ணுக்கு எளிதில் படாது. வாந்தி இல்லாமல், அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குமைவது மூன்றாவது வகை. இவை பையன்களுக்கும் வரும். கட்டுடல் வேண்டும் என்று ஜிம்முக்குப் போய், சோற்றைத் தொடாமல் இருக்கும் பிள்ளைகளையும் கொஞ்சம் கவனிக்கத்தான் வேண்டும்.

நம் ஊரிலுமா?

“பணக்கார தேசத்து வியாதி இது, நமக்கு எங்கே வரப்போகிறது?” என்று தோன்றலாம். பள்ளிக்கு வரும் பிள்ளை பசியோடு இருக்கக் கூடாதென்று 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. தட்டு நிறையச் சோறு இருந்தும் ஒரு பெண் உண்ண மறுப்பாள் என்றால் நம் பாட்டிமார்களால் நம்ப முடியாததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் சென்னையிலேயே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மனநல மருத்துவர்கள் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ் ஆகியோர் சேர்ந்து 210 மருத்துவ மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. முழு வியாதி என்று சொல்லும் அளவுக்குப் போகாவிட்டாலும், சாப்பாட்டையும் எடையையும் பற்றிய ஓயாத வேதனை ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேரிடம் இருந்தது. அதற்கு ‘உண்ணும் வேதனை’ என்ற பொருளில் ஒரு பெயரிட்டு, நம் நாட்டவரிடம் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கேள்வித்தாளையும் தயாரித்தார்கள். உடம்பைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளுக்கே இந்தப் பாடு என்றால், மற்றவர்களைச் சொல்வானேன்?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் பிரபா சந்திராவும் அவருடைய குழுவினரும் அந்த நகரத்து மனநல மருத்துவர்களைக் கேட்டு 2012இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர்கள், தங்களிடம் இத்தகைய நோயாளி ஒருவராவது வந்ததுண்டு என்றார்கள்.

நம் பெண்களிடம் இந்த வியாதி வேறு வேஷம் போட்டுக்கொண்டும் வரும் என்பதை அம்மாக்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்நாட்டுப் பெண் “எனக்குக் குண்டாகிவிடப் பயம்” என்பாள். நம் பெண்ணோ “வயிறு உப்புசமா இருக்கும்மா”, “சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குது”, “குமட்டுது” என்பாள். 1995இல் டெல்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, எடை இறக்கம், மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் தன் உடம்பு பருமன் என்ற எண்ணம் மேல்நாட்டுப் பெண்களிடம் காண்கிற மாதிரி இல்லை. அதனால் வியாதியைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. ஹாங்காங்கில் டாக்டர் சிங் லீ பார்த்த நோயாளிகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் குண்டாகும் பயத்தைச் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. அங்கு வந்த சிறுவர் சிறுமியரிடம் உணவு சம்பந்தமான கோளாறுகளில் அதிகமாக இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்திதான்.

ஆகவே வயிற்று டாக்டர், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று ஆறு மாதம் அலைந்து, “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டார்கள் என்றால் நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால், ஒன்றும் இல்லாமல் இல்லை.

பட்டினியே செய்யும் கூத்து

“சமையல் வீடியோவா பார்க்கறா, தம்பிக்குக் கேக் செஞ்சு கொடுக்கறா, ஆனா தான் மட்டும் ஒரு வாய் தொட மாட்டேங்கறா. இது நடிப்பா?” என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. நடிப்பு இல்லை. இதற்கு ஒரு பழைய பரிசோதனை விடை சொல்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான வாலிபர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு மட்டுமே கொடுத்துப் பார்த்தார். எடையில் கால் பங்கு குறைந்தது. அதுவல்ல அதிசயம். திடமனசு படைத்த அந்த ஆண்பிள்ளைகள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டில் இருந்ததைத் துணுக்குத் துணுக்காக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், சிநேகிதர்களைத் தவிர்த்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். படிப்பில் மனம் ஊன்றவில்லை.

நம் பெண்ணிடம் நாம் திமிர் என்று நினைப்பதில் பாதி, பட்டினி கிடக்கும் மூளை செய்கிற வேலை. அதனால்தான் “முதலில் மனசு சரியாகட்டும், அப்புறம் சாப்பிடுவாள்” என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. சாப்பாடு உள்ளே போகப் போகத்தான் மனசும் பேச்சுக்கு இசையும்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்வதற்கில்லை. பிறவியிலேயே சிலருக்கு இதற்கான வித்து இருக்கிறது. சுமார் 17,000 நோயாளிகளின் ரத்த மாதிரிகளையும் மற்றவர்களுடையதையும் ஒப்பிட்ட சர்வதேச ஆய்வு 2019இல் வெளியானது. நோயோடு சம்பந்தப்பட்ட எட்டு மரபணுப் பகுதிகளை அது கண்டுபிடித்தது. உடம்பு உணவைப் பயன்படுத்தும் விதத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அதில் தெரிந்தது. ஆகவே, “நீ வளர்த்த லட்சணம்” என்று யாராவது சொன்னால், அதை நீங்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

வித்து உள்ளே இருந்தால், தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. கரும்புத் தோட்ட வேலைக்கென்று நம் தமிழர்களும் போய்க் குடியேறிய ஃபிஜித் தீவில், நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் டெலிவிஷன் வந்தது. அங்கே தீவின் பூர்வகுடிப் பள்ளிப் பெண்களை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர் ஆராய்ந்தார். உடம்பு பூசினாற்போல் இருப்பதே அழகு என்று எண்ணிய சமூகம் அது. டி.வி. வந்த புதிதில், எடை குறைக்க வாந்தி எடுத்தேன் என்று சொன்ன பெண் ஒருத்திகூட இல்லை. மூன்றே வருஷத்தில், 1998இல், நூற்றுக்கு 11 பேர் அப்படிச் சொன்னார்கள். இன்று டி.வி. கூடத்தில் அல்ல, பெண்ணின் கைக்குள்ளேயே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் நம் வாய். “என்னடி, குண்டூஸ்!” என்று சித்தப்பா கூப்பிடுவதும், “கல்யாணத்துக்குள்ள இளைச்சுடணும்” என்று அத்தை சொல்வதும் நமக்கு வேடிக்கை. அவளுக்கு அது முள். எடையைச் சொல்லி வீட்டில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடம் உணவுக் கோளாறுகள் அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

அம்மா கவனிக்க வேண்டியவை

* மாதவிலக்கு தள்ளிப்போவது அல்லது நின்றுவிடுவது.
* சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்பது. கை கால் சில்லிடுவது. கொத்துக் கொத்தாக முடி உதிர்வது. முதுகிலும் கையிலும் பூனை மயிர் வளர்வது.
* எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது. “பிரெண்டு வீட்ல சாப்பிட்டுட்டேன்” என்பது.
* சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது. கன்னத்தின் அடியில் வீக்கம், பல் கூச்சம், விரல் கணுக்களில் தழும்பு.
* ஒரு நாளைக்குப் பல தடவை எடை பார்ப்பது. நின்ற இடத்தில் நில்லாமல் நடப்பது.
* விரதம். விரதம் இருப்பவள் பொழுது சாய்ந்ததும் எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷமாக முடிப்பாள். வியாதிக்காரிக்கு ஒரு விரதம் முடிந்தால் அடுத்த சாக்கு தயாராக இருக்கும்.

மயக்கம் போட்டு விழுந்தாலும், விழித்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 50க்குக் கீழே போனாலும், தண்ணீர்கூட வேண்டாம் என்றாலும், “செத்துப் போகலாம்போல இருக்கு” என்றாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டுத் தட்டிலேயே மருந்து

பெற்றோர் பக்கத்தில் இருப்பதே கெடுதல் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் எண்ணினார்கள். பெண்ணைப் பிரித்து வைத்தே வைத்தியம் செய்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிய அந்த எண்ணத்தை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை மாற்றியது. குடும்பத்தையே வைத்தியத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். பதினெட்டு வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று வருஷத்துக்கு மேல் போகாதவர்களுக்கு அதுவே கூடுதல் பலன் தந்தது என்று 1987இல் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் 121 இளம்பிராயத்தினரிடம் நடந்த சோதனை 2010இல் வெளியானது. வைத்தியம் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, தனியாக ஆலோசனை பெற்றவர்களில் முழுக்கக் குணமாகியிருந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். குடும்பத்தோடு சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களில் 49 பேர்.

இந்தச் சிகிச்சையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில், என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதை அப்பாவும் அம்மாவும் முழுக்கத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஜுரம் வந்த குழந்தைக்கு “மாத்திரை வேணுமா?” என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? அதுபோலத்தான். எடை தேறியதும் இரண்டாவது கட்டம்: பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் திருப்பிக் கொடுப்பது. மூன்றாவதில், படிப்பு, சிநேகிதம், எதிர்காலம் என்று அந்த வயதுக்குரிய விஷயங்களைப் பேசுகிறார்கள். எல்லாம் ஒரு டாக்டரோ மனநல நிபுணரோ வழிகாட்ட, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை நடக்கும்.

புலிமியாவுக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் டாக்டர் மாத்திரையும் தருவார்.

ஒரு எச்சரிக்கை. மிகவும் இளைத்துவிட்ட பெண்ணுக்கு, “ஒரே வாரத்தில் தேற்றிவிடுகிறேன்” என்று வீட்டில் நீங்களாக அள்ளி ஊட்டாதீர்கள். வெகுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இறங்கி இருதயத்துக்கே ஆபத்து வரலாம். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டர் சொல்கிற அளவில்தான் ஏற்ற வேண்டும்.

தட்டின் முன்னால் என்ன பேசுவது?

கெஞ்சலும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம். “ஊர்ல எத்தனை பிள்ளைங்க சோறில்லாம இருக்கு!” என்ற பிரசங்கமும் வேண்டாம். அவளுக்கு ஏற்கெனவே குற்ற உணர்ச்சி போதுமான அளவு இருக்கிறது.

“இது உனக்கு மருந்து மாதிரி கண்ணு. கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ முடிக்கிற வரைக்கும் அம்மா பக்கத்துலயே இருக்கேன்.” இவ்வளவு போதும். அவள் தட்டைத் தள்ளினாலும், அழுதாலும், “நீ எனக்கு எதிரி” என்றாலும் அது வியாதி பேசுகிற பேச்சு. குரலை உயர்த்தாமல் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள். வியாதி வேறு, மகள் வேறு என்று மனசில் பிரித்து வைத்துக்கொண்டால் கோபம் பாதி அடங்கிவிடும்.

வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் பேசுவது அவசியம். அம்மா “இன்னும் ஒரு தோசை” என்று உட்கார்ந்திருக்கும்போது அப்பா “போதும் விடு, அழறா பாரு” என்றால் அன்றைய வேளை போனதுதான். டாக்டர் சொன்னதை அப்பா, பாட்டி, தாத்தா எல்லாரையும் உட்கார வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். கணவரும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் எந்த வேளைக்கு யார் பக்கத்தில் இருப்பது என்று முறை வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் அவளைத் தனியே விடாமல், தாயம் ஆடுங்கள், பூத் தொடுங்கள், ஒரு படம் பாருங்கள். காவல் காக்கிற மாதிரி இல்லாமல், கூட இருக்கிற மாதிரி இருக்கட்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் குடும்ப டாக்டர் அல்லது குழந்தை மருத்துவர். எடை, நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல் நோய் ஏதாவது இருக்கிறதா என்று அவர் சொல்வார். அதோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். “மனநல டாக்டரா? ஊர் என்ன சொல்லும்?” என்று தயங்காதீர்கள். நோய் தொடங்கிய புதிதில் கொடுக்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தூரமும் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை, எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை, போரூர், பூந்தமல்லி பக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சின்னக் குழந்தையின் அம்மாவுக்கு

இரண்டு வயதுக் குழந்தை கீரையைத் துப்புவதும், ஒரு வாரம் தயிர்சாதம் மட்டுமே கேட்பதும் இந்த வியாதி அல்ல. எடையும் உயரமும் ஒழுங்காக ஏறினால் கவலை வேண்டாம். மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு; எவ்வளவு என்பதை அதன் வயிறு சொல்லட்டும்.

குழந்தைக்கு எதிரில் கண்ணாடி முன் நின்று, “ஐயோ, எப்படிப் பெருத்துட்டேன்!” என்று அலுத்துக்கொள்வதை இன்றே விட்டுவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறாள் உங்கள் மகள். எடை குறைக்கத்தான் வேண்டும் என்றால், “உடம்பு நல்லா இருக்கணும்னு நடக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகளை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. வாரத்தில் ஐந்து வேளைக்குக் குறையாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள், பிற்பாடு வாந்தி, பேதி மாத்திரை போன்ற விபரீதங்களில் இறங்குவது குறைவாக இருந்தது. அப்பாவுக்கு நைட் ஷிப்டு, அண்ணனுக்கு டியூஷன், அக்காவுக்கு ஏழு மணி ரெயில் என்று ஓடுகிற வீடுகளில் மூன்று வேளையும் எல்லாரும் கூடுவது நடக்காத காரியம். ராத்திரி ஒரு வேளையாவது, வாரத்துக்கு ஐந்து நாளாவது, டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டுச் சேர்ந்து உட்காருங்கள். ரசமும் அப்பளமும்தான் என்றாலும் பரவாயில்லை. அப்படி உட்காருகிற வீட்டில், மகள் தட்டில் சோறு குறைந்துகொண்டே வருவது மூன்று மாதம் கழித்து அல்ல, மூன்றாம் நாளே உங்கள் கண்ணில் பட்டுவிடும்.